கப்பல் நிற்கும் துறையும் நீங்கள் பார்க்க நினைக்கும் ஊரும்

ஜனவரி மாதக் கடைசியில் பெற்றோரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து 18 இரவுக் கப்பல் பயணம் போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். முதல் சுற்றில் போர்ட் கிளாங், பினாங்கு, ஃபுக்கெட். சிங்கப்பூருக்குத் திரும்பிவந்து இரண்டாம் சுற்றில் பாங்காக், ஹோ சி மின் நகரம், ஹுவே, ஹா லாங். தாயாருக்கு முழங்கால் வலி, வீட்டில் எல்லாரும் சைவம். ஓர் ஊருக்கு எட்டு மணி நேரமே கிடைக்கும் நிலையில், கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, நீங்களாகவே இறங்கிப் போவதா என்பது உங்கள் கேள்வி. அதற்கு நேராக விடை சொல்வதற்கு முன் இன்னொன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த எட்டு மணி நேரத்தில் எத்தனை மணி ஊருக்குள் கழியும், எத்தனை மணி சாலையில் கழியும் என்பதுதான் அது. அது தெரிந்துவிட்டால் உங்கள் கேள்விக்கான விடை ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தானாகவே கிடைத்துவிடும். பயணக் கப்பல்களில் வருவோருக்குக் கரையில் பேருந்தும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்யும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். எந்தக் கப்பல், எந்த அறை, கப்பலுக்குள் சாப்பாடு எப்படி என்பவற்றுக்கு அடிக்கடி பயணம் செய்பவர்களைக் கேட்பதே நல்லது.

விளம்பரத் தாளில் 'பாங்காக்' என்று பெரிய எழுத்திலும் 'லேம் சபாங்' என்று சிறிய எழுத்திலும் போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிறிய எழுத்தில் உள்ள ஊரில். அங்கிருந்து பாங்காக் சுமார் 130 கிலோமீட்டர். சாலை ஒழுங்காக இருந்தால் இரண்டு மணி நேரம், நகருக்குள் நெரிசல் பிடித்துக்கொண்டால் இரண்டரை, மூன்று. ஹோ சி மின் நகரம் என்று எழுதியிருந்தால் பெரிய கப்பல்கள் நிற்பது ஃபூ மி பகுதியில் உள்ள காய் மெப் ஆற்றுத் துறையில். 2025 ஜூலையில் ஃபூ மி இருந்த மாகாணத்தையே ஹோ சி மின் நகரத்தோடு நிர்வாக அளவில் இணைத்துவிட்டார்கள். ஆகவே இப்போது விளம்பரத்தில் இருப்பது ஒரு வகையில் உண்மைதான், ஆனால் நகர மையத்துக்குப் போக எழுபது, எண்பது கிலோமீட்டர் சாலை அப்படியேதான் இருக்கிறது. ஹுவே என்றும் டா நாங் என்றும் போட்டிருப்பது பெரும்பாலும் அவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள சான் மே. ஹா லாங்கை 'ஹனோய்' என்று விற்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். உங்கள் பட்டியலில் கப்பலிலிருந்து இறங்கியதும் பழைய ஊரின் நடுவிலேயே கால் வைக்க முடிவது பினாங்கில் மட்டுமே.

இனி நேரக் கணக்கு. காலை எட்டு மணிக்குக் கப்பல் வரும் என்று போட்டிருந்தால், துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்து மக்கள் இறங்கத் தொடங்க எட்டரை, ஒன்பது ஆகும். மாலை ஆறு மணிக்குப் புறப்பாடு என்றால் ஐந்து அல்லது ஐந்தரை மணிக்குள் அனைவரும் ஏறிவிட வேண்டும் என்று கப்பலில் தரும் தினசரித் தாளில் அச்சிட்டுத் தருவார்கள். உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த நேரம்தான். அதற்கு மேல் ஒரு மணி நேரத்தை நெரிசலுக்காக ஒதுக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது ஏழு மணி நேரம். ஃபூ மியில் அதில் நான்கு மணி நேரம் போய்வரவே ஆகும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டால், சைகோனை, அதாவது ஹோ சி மின் நகரத்தை, நீங்கள் பார்ப்பது இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஏழு இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாலையில் அவர்கள் கையில் படங்கள் இருக்கும், ஆனால் எந்த இடத்திலும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தொலைவான துறைகளில் ஓர் இடம், அதன் அருகிலேயே இன்னோர் இடம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

கப்பல் காத்திருக்காது என்பதைச் சிலர் கறார் என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. கப்பலைத் துறையிலிருந்து வெளியே கொண்டுபோகும் பைலட்டும் இழுவைப் படகுகளும் குறிப்பிட்ட நேரத்துக்குப் பதிவு செய்யப்பட்டவை. காய் மெப் போன்ற ஆற்றுத் துறையில் நீரோட்டத்தையும் சரக்குக் கப்பல்களின் வரிசையையும் பார்த்தே நேரம் ஒதுக்குவார்கள். அடுத்த துறையிலும் இடம் இப்படியே நேரத்துக்குக் கட்டுப்பட்டது. கப்பல் நிறுவனத்தின் சொந்தச் சுற்றுலாவில் போன பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களே செலவு செய்து அடுத்த துறையில் சேர்ப்பார்கள். தனியாகப் போனவர் தவறவிட்டால் செலவும் பொறுப்பும் அவருடையவை. பெரும்பாலான கப்பல்களில் அப்படி வராதவரின் கடவுச்சீட்டை அறையிலிருந்தோ பாதுகாப்புப் பெட்டியிலிருந்தோ எடுத்து கப்பல் நிறுவனத்தின் உள்ளூர் முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள்; அதன் பிறகு விமானத்தில் அடுத்த நாட்டுக்குப் போக விசா இருக்கிறதா என்ற கேள்வி எழும். எனவே கரையிறங்கும்போது முகவரின் தொலைபேசி எண் உள்ள தினசரித் தாள், கடவுச்சீட்டின் நகல், ஒரு கடன் அட்டை மூன்றும் உடம்போடு இருக்கட்டும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய, பலரும் கவனிக்காத ஒன்று கடிகாரம். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. தாய்லாந்தும் வியட்நாமும் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சில சமயம் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில சமயம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்துவிடும். உங்கள் கைபேசி கரையைத் தொட்டதும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாறாமல் இருந்தால், கைபேசியில் நான்கு மணி என்று பார்த்து நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கப்பலில் ஐந்து மணி. ஒவ்வொரு நாளும் இறங்கும் வாசலில் 'கப்பல் நேரம் என்ன' என்று கேட்டு, தந்தையாரின் கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துவிடுங்கள். சாதாரண முள் கடிகாரம் இங்கே கைபேசியைவிட நம்பகமானது.

பினாங்கில் எந்தச் சுற்றுலாவும் வாங்காதீர்கள். ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் இறங்கிய இடத்தில் எழுந்த கோர்ன்வாலிஸ் கோட்டையும், விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக அறுபது ஆண்டுக்கு அறுபது அடி என்று கட்டிய மணிக்கூண்டும் துறையை விட்டு வெளியே வந்தவுடன் தென்படும். அங்கிருந்து மெதுவாக நடந்தால் ஒரே தெருவை ஒட்டி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், குயின் தெரு மகாமாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று வரிசையாக வரும். மாரியம்மன் கோயில் 1833இல் உருவானது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வாழையிலைச் சாப்பாடும் இட்லி தோசையும் தமிழிலேயே கேட்டுச் சாப்பிடலாம். வெயில் ஏறியதும் கூ கொங்சி என்னும் சீனக் குல மண்டபத்துக்குள் போய்விடலாம். கூரை வேலைப்பாட்டைப் பார்க்கவே ஒரு மணி நேரம் போதாது. தாயாருக்கு நடக்க முடியாவிட்டால் துறை வாசலிலேயே மூன்று சக்கர மிதிவண்டிக்காரர்கள் நிற்பார்கள். ஏறுவதற்கு முன் மணிக்கணக்கில் விலை பேசிக்கொள்ளுங்கள். பினாங்குக் குன்றுக்குப் போகும் ரயிலுக்கு விடுமுறை நாட்களில் வரிசை நீளமாக இருக்கும். ஊரே உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2008இல் சேர்ந்த ஊர்; அதைக் காலடியில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஃபுக்கெட்டில் கப்பல் பெரும்பாலும் பத்தோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். ஜனவரியில் அந்தமான் கடல் அமைதியாக இருக்கும் என்பதால் படகுப் போக்குவரத்து நின்றுபோகும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஆடும் படகுக்குக் கப்பலின் படியிலிருந்து கால் மாற்றி வைப்பது முழங்கால் வலி உள்ளவருக்கு எளிதல்ல. சிப்பந்திகள் இருபுறமும் கை பிடித்துவிடுவார்கள். அலை கூடுதலாக இருந்தால் அவர்களே வேண்டாம் என்பார்கள், அந்தச் சொல்லைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சுற்றுலாவில் போகிறவர்களை முதலில் இறக்குவதால் தனியாகப் போகிறவர்களுக்கு முற்பகலில் ஒரு மணி நேரம் கழிந்துவிடும். கரையில், கடற்கரையை விட்டுவிட்டு மலைச்சாலை வழியே ஃபுக்கெட் பழைய நகரத்தின் தலாங் சாலைக்குப் போகச் சொல்வேன். ஈயச் சுரங்கத் தொழிலுக்காகப் பினாங்குக்கும் இங்குமாகப் போய்வந்த ஹொக்கியன் சீனக் குடும்பங்களின் வீடுகள் அவை. முந்தின நாள் ஜார்ஜ் டவுனைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு உறவு உடனே புரியும். ஃபீ ஃபீ தீவுக்கு விசைப்படகில் போய்வருவதைக் கப்பல் நாளில் ஒருபோதும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

போர்ட் கிளாங் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பயணக் கப்பல் முனையம் இண்டா தீவில் இருக்கிறது, கோலாலம்பூர் மையம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பத்துமலை அதற்கும் வடக்கே. மலைக்கோயிலுக்கு 272 படிகள். 2006இல் திறந்த, 42.7 மீட்டர் உயர முருகன் சிலை படிக்குக் கீழேயே நிற்பதால் அதைத் தரிசிக்க ஏற வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் நாட்கள் தைப்பூசத்தை ஒட்டி வந்தால் அந்தச் சாலைகளில் கார் நகராது. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரட்டைக் கோபுரத்தின் மேலே போக நேரம் குறித்த நுழைவுச்சீட்டு வேண்டும். கப்பல் நாளில் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. கோலாலம்பூர் வழியில் உள்ள கிளாங் நகரத்தையே போதும் என்று கொள்ளலாம்: சுந்தரராஜப் பெருமாள் கோயில், தெங்கு கெலானா சாலையில் பூக்கடையும் புடவைக்கடையும் சைவ உணவகமுமாக விரியும் லிட்டில் இந்தியா. கோலாலம்பூருக்குச் சென்னையிலிருந்து நேராக விமானம் இருக்கிறது, அதை வேறொரு முறை நிதானமாகப் பார்க்கலாம்.

பாங்காக்கில் உங்கள் கப்பல் ஓர் இரவு தங்குகிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் லேம் சபாங்கில் இரண்டு நாள் வைக்கின்றன. அப்படியானால் கப்பல் அலுவலகத்தில் சொல்லிவிட்டு நகரில் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்குவதுதான் சிறந்த வழி. அரண்மனையும் மரகத புத்தர் ஆலயமும் காலை எட்டரைக்குத் திறந்து, பிற்பகல் மூன்றரையோடு நுழைவு முடிந்துவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அதை முடித்துக்கொண்டு பக்கத்திலுள்ள வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்த்துவிட்டு, படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். மறுநாள் காலை சீலோம் சாலையில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். தாய்லாந்து மக்களே பெருந்திரளாக வந்து கும்பிடுவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். பழைய நகரில் சிவப்பு ஊஞ்சல் கம்பத்தின் அருகே அரண்மனைப் பிராமணர்களின் தேவஸ்தான் இருக்கிறது. நம் மார்கழித் திருவெம்பாவையோடும் திருப்பாவையோடும் தொடர்புடைய சடங்கு அங்கே இன்றும் நடக்கிறது. அந்தப் பாடல்களின் தமிழ் காலப்போக்கில் உச்சரிப்பு மாறி, நம் காதுக்கு எளிதில் பிடிபடாத வடிவத்தை அடைந்திருக்கிறது. கப்பல் ஒரே பகல்தான் நிற்கிறது என்றால் பாங்காக்கை விட்டுவிடச் சொல்வேன். அரை மணி நேரத்தில் பட்டாயா போய், 1981இல் தொடங்கி இன்னும் செதுக்கிக்கொண்டிருக்கும் மரத்தாலான சத்திய ஆலயத்தை நிதானமாகப் பார்க்கலாம். இது குறைந்த தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஃபூ மியில் துறைக்கு வெளியே சரக்குப் பெட்டக முற்றங்களைத் தவிர ஒன்றுமில்லை. வாடகைக் காரில் போய்விட்டாலும் திரும்பும்போது துறைமுகத்துக்குள் வர இசையும் ஓட்டுநர் கிடைப்பது கடினம். ஆகவே இங்கே கப்பலின் சுற்றுலா, அல்லது முன்கூட்டியே பேசி நாள் முழுதும் உங்களோடு நிற்கும் சிறு வேன். அதிலும் நகருக்கு மட்டும் பேருந்தில் கொண்டுபோய் விட்டு மாலையில் ஏற்றிக்கொள்ளும் மலிவான சீட்டைப் பெரும்பாலான கப்பல்கள் விற்கும். காத்திருக்கும் உறுதி கப்பலுடையது, ஊருக்குள் சுதந்திரம் உங்களுடையது. 1891இல் முடிந்த அஞ்சலகமும் எதிரே செங்கல் தேவாலயமும் ஒரே சதுக்கத்தில் உள்ளன. அங்கிருந்து பென் தான் சந்தைப் பக்கம் போனால் ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில். பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்கால், புதுச்சேரித் தமிழரும் செட்டியார்களும் வணிகத்துக்காக வந்து எழுப்பிய கோயில்களில் இது ஒன்று. இன்று ஊதுவத்தி ஏற்றுபவர்களில் மிகப் பலர் வியட்நாமியர். வியட்நாம் போர்க்காலத்துக் கூ ச்சி சுரங்கங்கள் நகருக்கு அப்பால் வடமேற்கே இருப்பதால் ஃபூ மியிலிருந்து அதைச் சேர்ப்பது நாளையே விழுங்கிவிடும், குனிந்து நடக்க வேண்டிய இடமும்கூட. பணத்தில் ஓர் எச்சரிக்கை: 20,000 டாங் தாளும் 5,00,000 டாங் தாளும் இரண்டும் நீலச் சாயல், இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். சைவத்துக்கு 'சாய்' என்று பலகை போட்ட கடைகளைத் தேடுங்கள், பௌத்தர்கள் நடத்தும் முழுச் சைவக் கடைகள் அவை.

சான் மேயிலிருந்து வடக்கே ஹுவேயின் அரண்மனைக் கோட்டை, தெற்கே 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஹாய் வான் சுரங்கப்பாதையைக் கடந்தால் டா நாங், இன்னும் தெற்கே ஹோய் ஆன். மூன்றையும் சேர்க்காதீர்கள். பெரும்பாலோர் ஹோய் ஆனைத்தான் கேட்பார்கள்; அழகான ஊர், ஆனால் பகல் முழுதும் கூட்டம். உங்கள் குடும்பத்துக்கு டா நாங்கில் உள்ள, பழைய சம்பா அரசின் மக்களான சாம்களின் சிற்ப அருங்காட்சியகத்தை நான் முன்னால் வைப்பேன். 1919இல் திறந்த கட்டடம், பெரிய படி ஏற்றம் இல்லை. சிவனும் பிள்ளையாரும் ஆடும் மங்கையரும் இன்னொரு நாட்டுக் கல்தச்சர் கையில் எப்படி மாறியிருக்கிறார்கள் என்பதைக் கோயில் சிற்பம் பார்த்துப் பழகிய கண்கள் இமைக்காமல் பார்க்கும். மீ சோனில் உள்ள சாம் கோயில் இடிபாடுகளுக்கு நேரம் போதாது. அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் முக்கியமானவை இந்த அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. ஜனவரியில் இந்தக் கரையில் பெருமழை ஓய்ந்திருந்தாலும் தூறல் இருக்காது என்பது நிச்சயமில்லை, குடை வேண்டும்.

ஹா லாங்கில் 2018 முதல் பெரிய கப்பல்கள் கரையிலேயே கட்ட முடிகிறது. சுற்றுலாப் படகுத் துறையும் அருகிலேயே இருக்கிறது. எனவே ஹனோய்க்குப் பேருந்தில் போவதை மறந்துவிட்டு, சுண்ணாம்புக்கல் தீவுகளுக்கிடையே நான்கு மணி நேரப் படகுச் சீட்டு மட்டும் போதும். சுங் சோட் குகைக்கும் டி டோப் தீவின் உச்சிக்கும் நூற்றுக்கணக்கில் படிகள். தாயார் படகின் மேல்தளத்திலேயே இருந்துவிடலாம், காட்சி அங்கிருந்தும் குறையாது. அந்த மாதத்தில் பனிமூட்டம் இருக்கும், குளிரும். பெற்றோருக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவையுங்கள். 2025 ஜூலையில் திடீர்ப் புயலில் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அது கோடைக்கால இடிமழையின் வேலை, உங்கள் மாதத்தில் அதே அபாயம் குறைவு. ஆயினும் துறை அதிகாரிகள் படகுகளை நிறுத்தினால் மறுபேச்சின்றிக் கப்பலுக்குத் திரும்புங்கள், உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று ஏறியதும் பாருங்கள். ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் வியட்நாமியப் புத்தாண்டான டெட் வரும் காலம். அந்த நாட்களில் கடைகளும் அருங்காட்சியகங்களும் மூடியிருக்கலாம் என்பதால் தேதியை இப்போதே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

விசா விதிகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால், உங்களுக்கு எது வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். பயண முகவர் வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காதீர்கள். குறிப்பாக இரண்டைக் கேளுங்கள். வியட்நாமில் அடுத்தடுத்து மூன்று துறைகளில் இறங்குவதை ஒரே நுழைவாகக் கொள்கிறார்களா, தனித்தனியாகக் கொள்கிறார்களா? உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா? நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை என நீங்கள் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறீர்கள். அங்கே கப்பல் ஒரு துறையில் நிற்பதாகக் கருதாமல், குடிநுழைவு அதிகாரி புதிதாக வந்தவராகவே உங்களைப் பார்ப்பார், மின்னணு வருகை அட்டையையும் ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டும். கடைசி நாள் காலை ஏழு மணிக்குக் கப்பல் கட்டினாலும் பெட்டிகளோடு வெளியே வர ஒன்பது, பத்து ஆகலாம். சென்னை விமானத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் பதிவு செய்ய வேண்டாம்.